டிமென்ஷியாவைச் செய்து காட்டும்போது எங்கே சறுக்குகிறோம்

மங்கலான கண்ணாடி, தடித்த கையுறை, காதில் இரைச்சல் ஓடும் ஹெட்போன். மூன்றையும் மாட்டிவிட்டு, "அஞ்சு துணியை மடிங்க, மாத்திரை டப்பாவை நிரப்புங்க, சட்டைப் பொத்தானைப் போடுங்க" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். மாட்டியவர் திணறுவார், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். கழற்றிக் கொடுத்துவிட்டு எல்லோரும் டீக்குப் போய்விடுவார்கள். டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குன்றும் நிலை, பற்றிய விளக்கக் கூட்டங்களில் பெரும்பாலும் வீணாய்ப் போவது இந்தப் பயிற்சிதான்.

முதல் தவறு, "டிமென்ஷியா இப்படித்தான் இருக்கும்" என்று அறிவிப்பது. கண்ணாடியும் கையுறையும் பார்வைக் குறைவையும் விரல் மரத்துப்போவதையும்தான் காட்டுகின்றன, மறதியைக் காட்டுவதில்லை. தவிர, கொஞ்ச நேரத்தில் கழற்றிவிடலாம் என்று மாட்டியவருக்குத் தெரியும். நோயாளிக்கு அந்த ஆறுதல் கிடையாது. இந்தக் கருவியால் உருப்படியாகக் காட்டக்கூடியது ஒன்றுதான்: நாம் பேசும் விதமும் சுற்றியுள்ள சத்தமும் ஒருவரை எவ்வளவு முடக்கும் என்பது.

அதனால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்யவிட வேண்டும். முதல் தடவை குக்கர் விசில், டிவி சீரியல், ரங்கநாதன் தெரு இரைச்சல் எல்லாம் கலந்த பதிவை ஓடவிட்டு, மூன்று கட்டளைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்தி, எதிரே வந்து முகம் பார்த்து, ஒரு வாக்கியம் மட்டும் சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். கண்ணாடியும் கையுறையும் அப்படியே இருக்கட்டும். இரண்டு தடவைக்கும் உள்ள வித்தியாசம்தான் பாடம். மாட்டியிருந்த நேரத்தைப்போல இரண்டு மடங்காவது உட்கார்ந்து பேச ஒதுக்குங்கள். வலிப்பு, தலைசுற்றல், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு மாட்டவே கூடாது. பக்கத்தில் கை வைத்த நாற்காலி ஒன்று இருக்கட்டும்.

அடுத்து பிளாஸ்டிக் மூளை. ஹிப்போகாம்பஸைத் தொட்டுக் காட்டி, "ஞாபகம் இங்கேதான் இருக்கு, இது சுருங்கினா டிமென்ஷியா" என்று முடித்துவிடுவது வழக்கம். இரண்டு பாதியும் தப்பு. ஹிப்போகாம்பஸ் புது அனுபவத்தைப் பதியவைக்கும் இடம்; பழையவை மூளையின் மேலடுக்கான புறணியில் பரவிக் கிடக்கின்றன. அதனால்தான் 1978ல் எழும்பூர் ஸ்டேஷனில் பெட்டி தொலைந்த கதையை ஒரு எழுத்து பிசகாமல் சொல்பவர், காலையில் மாத்திரை போட்டோமா என்பதில் தடுமாறுகிறார். டிமென்ஷியா என்பது ஒரே நோயின் பெயரும் அல்ல. அல்சைமர் வகையில் பெரும்பாலும் மறதி முந்தும். நெற்றிப் பக்க மடல் பாதித்தால் குணமோ பேச்சோ முதலில் மாறும்: ஐம்பத்தைந்து வயதில், சாதுவான மனிதர் பக்கத்து இலை ஜாங்கிரியைக் கேட்காமல் எடுத்துச் சாப்பிடுவார். லூயி பாடி என்ற இன்னொரு வகையில் யாருமில்லாத அறையில் குழந்தைகள் நிற்பதாகத் தெரியலாம். மாதிரியைக் கையில் எடுத்தால் இந்த மூன்றையாவது காட்டிவிட்டுக் கீழே வையுங்கள். இல்லையென்றால், "எங்க அப்பாவுக்கு ஞாபகம் நல்லாத்தானே இருக்கு" என்று நிம்மதியோடு ஒரு குடும்பம் வீட்டுக்குப் போகும்.

உள்ளூர்ப் பெருமையிலும் ஒரு சறுக்கல் உண்டு. 2024 டிசம்பரில் சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 5,132 மூளைச் சீவல்களின் படங்களைக் கொண்ட 'தரணி' என்ற முப்பரிமாண மூளை வரைபடத்தை இலவசமாக வெளியிட்டது. அருமையான வேலை. ஆனால் அது கருவிலிருக்கும் சிசுவின் மூளை. மூளை எப்படி வளர்கிறது என்று காட்டப் பயன்படுத்துங்கள். அல்சைமரை அதில் தேடாதீர்கள்.

வெறுந்தாளில் கடிகாரம் வரைந்து, சொன்ன நேரத்துக்கு முள் வைக்கச் சொல்லும் சோதனைக்கு வருவோம். "பதினொன்று பத்து" என்று நேரம் கேட்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நிமிட முள் 2-ல் நிற்க வேண்டும். ஆனால் 'பத்து' என்ற சொல் 10-ஐ நோக்கி இழுக்கும். அந்த இழுப்பை அடக்க முடிகிறதா என்பதும், 12 எண்களை வட்டத்துக்குள் இடம் பார்த்து அடுக்க முடிகிறதா என்பதும்தான் சோதனை. சில செயலிகளில் எண்கள் முன்கூட்டியே போட்டிருக்கும், முள்ளை நகர்த்தினால் போதும். அப்போது பாதிச் சோதனை போய்விட்டது. வெள்ளைத் தாளும் பென்சிலும் மேல். நடுவில் "தாத்தா, யோசிச்சுப் பாருங்க" என்று எடுத்துக் கொடுக்காதீர்கள். பள்ளிக்கூடமே போகாத பாட்டி தப்பாக வரைந்தால் அது படிப்பின் குறையாக இருக்கலாம். நினைவையும் சிந்தனையையும் அளக்கும் மோகா (MoCA) சோதனையிலேகூட, 12 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு 30-ல் ஒரு மதிப்பெண் கூட்டித் தருவது அதற்காகத்தான். மதிப்பெண் குறைந்தால் முடிவு கட்டாமல் டாக்டரிடம் போங்கள்: பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, காது மந்தம் எதுவானாலும் இதே கோலம் காட்டும்.

மூளை விளையாட்டுச் செயலிகளைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாம். மறதியைத் தள்ளிப்போடும் என்று விளம்பரம் செய்த லூமோசிட்டி நிறுவனம், ஏமாற்று விளம்பரம் என்ற குற்றச்சாட்டில் 2016ல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியது.

இந்தக் கருவிகள் எதுவுமே வீட்டில் நோயாளியைச் சோதித்துப் பார்ப்பதற்கானவை அல்ல. கூட்டத்தில் கற்றதை வீட்டில் பரிசோதிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும்: ஆல்பத்தைத் திறந்து, "இது யாருன்னு சொல்லும்மா, பாக்கலாம்." பதில் வராது, முகம் சுருங்கும், அடுத்த முறை ஆல்பத்தையே தள்ளிவிடுவார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெரிய எழுத்தில் பெயரும் உறவும் எழுதி ஒட்டிவிட்டு, "இதோ நம்ம மீனா, உன் பேத்தி" என்று நீங்களே சொல்லுங்கள். மீதியை அவர் பேசுவார்.