மொழிக் குறைபாடு: குழந்தையிடம் நாம் கவனிக்கத் தவறுவது

மொழியைப் புரிந்துகொள்வதிலும் பேசுவதிலும் நீடிக்கும் சிரமம்தான் வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு, சுருக்கமாக டி.எல்.டி. ஏறத்தாழ 14 குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கிறது. இவ்வளவு பரவலாக இருந்தும் பலரிடம் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. குழந்தையின் உச்சரிப்பைத்தான் நாம் காது கொடுத்துக் கேட்கிறோம், வாக்கியத்தைக் கேட்பதில்லை. ழகரம் சுத்தமாக வருகிற பிள்ளைக்கும் இது இருக்கலாம். “அது... அங்க... அந்த மாதிரி” என்று பெயர்ச்சொல் இல்லாமலே பேச்சு ஓடும். நடந்ததைச் சொல்லச் சொன்னால் முன்னதும் பின்னதும் குழம்பும்.

“பேச்சுதான் வரல, சொன்னா எல்லாம் புரியும்” என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுகிறது. செருப்பைப் பார்த்துக்கொண்டே “செருப்ப எடுத்துட்டு வா” என்றால், குழந்தை நம் கண்ணைப் படித்தே எடுத்து வந்துவிடும். கையை அசைக்காமல், வேறெங்கோ பார்த்தபடி, வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லுங்கள்: “புத்தகத்துக்கு அடியில ஸ்பூன வை.” நாலு வயதைத் தாண்டிய பிள்ளையிடம் இரண்டு படங்களைக் காட்டி, “பூனைய நாய் துரத்துது”, “பூனை நாயத் துரத்துது” என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் படத்தைத் தொடச் சொல்லலாம். சொற்களும் வரிசையும் அதேதான், வேற்றுமை உருபு மட்டும் இடம் மாறுகிறது. திரும்பத் திரும்பத் தடுமாறினால் பேச்சு, மொழிச் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். இதை வைத்து நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்த தவறு, தானாகப் பேசும் என்று காத்திருப்பது. இரண்டு வயதில் 50 சொற்கள்கூட இல்லை, இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் முதலில் செவித்திறன் பரிசோதனை. நடுக்காதில் நீர் கோத்திருந்தால் கூப்பிட்டால் திரும்பும், ஆனால் பேச்சொலிகள் தெளிவாகக் கேட்காது. தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் தாமாகவே எட்டிப் பிடிப்பதால் இந்த வயதில் டி.எல்.டி. என்று முத்திரை குத்துவது அவசரம். அதற்காகப் பயிற்சியைத் தள்ளிப்போடுவது அதைவிடப் பெரிய தவறு. பேசிய சொற்களை இழக்கும் குழந்தையை எந்த வயதிலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் இது வராது. ஒன்றை நிறுத்தினால் தாத்தா பாட்டியுடனான பேச்சுதான் அறுந்துபோகும். பள்ளி மொழியில் மட்டும் சோதிப்பதும் பிழைதான். டி.எல்.டி. இருந்தால், குழந்தை கேட்டு வளரும் எல்லா மொழிகளிலும் அது தெரியும்; ஒரே மொழியில் மட்டும் பின்தங்கினால், அந்த மொழி போதிய அளவு காதில் விழவில்லை என்றே பெரும்பாலும் பொருள்.

நிபுணர்களும் தவறுவதுண்டு. ஐ.க்யூ. இயல்பான அளவில் இருந்தால்தான் இந்தப் பெயர் பொருந்தும் என்ற பழைய விதியை 2017-இல் வெளியான, பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து எட்டிய ‘கேட்டலைஸ்’ கருத்தொற்றுமை கைவிட்டது. கவனக்குறைவு மிகையியக்கமும் (ஏ.டி.எச்.டி.) டி.எல்.டி.யும் ஒரே குழந்தையிடம் இருக்கலாம். ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, நிரந்தரக் காதுகேளாமை போன்றவை இருந்தால் பெயர் ‘அதனுடன் இணைந்த மொழிக் குறைபாடு’ என்று மாறும். அப்போதும் மொழிப் பயிற்சி தேவைதான்.

ஒரே ஒரு மதிப்பெண்ணை வைத்து முடிவு சொல்வதை ஏற்காதீர்கள். பழக்கமில்லாத இடத்தில் வாயே திறக்காத பிள்ளைகள் உண்டு. விளையாடும்போது அது பேசுவதை மூன்று நிமிடம் போனில் பதிவு செய்யுங்கள். பத்து வாக்கியங்களைத் திருத்தாமல், அது சொன்னபடியே எழுதிக் கொண்டுபோங்கள். “நேத்து நாளைக்கு போனேன்” என்றால், அப்படியே.