கையுறையைக் கழற்றிய பிறகு: மூத்த கோல்கீப்பர் பயிற்சியாளராக மாறும் வழி

களத்தின் மற்ற இடங்களில் ஆடுவோர் முப்பது வயதைத் தாண்டியதும் ஓய்வைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடும்போது, கோல்கீப்பர் அதன் பிறகும் பல ஆண்டுகள் நிலைத்து நிற்கிறார். இத்தாலியின் டினோ ஸோஃப் 1982 உலகக் கோப்பையை அணித்தலைவராகப் பெற்றுக்கொண்டபோது அவருக்கு வயது 40. அதே நாட்டின் ஜான்லூயிஜி புஃபோன் 2023-இல் ஓய்வை அறிவித்தபோது வயது 45. இந்த நீண்ட ஆட்டக்காலமே பலரை அடுத்த கட்டத்துக்குத் தயாராக விடாமல் செய்கிறது. ஆனால் முடிவு திடீரென்றும் வரலாம்: மேற்கு ஜெர்மனியின் கோல்கீப்பர் ஸெப் மையருக்கு 1979-இல் நேர்ந்த கார் விபத்து, அவர் விளையாட்டு வாழ்க்கையை ஒரே நாளில் முடித்துவைத்தது. எனவே பயிற்சியாளராகும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், அதற்கான வேலையை விளையாடிக்கொண்டிருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

மாற்று வீரர்களின் இருக்கையில் அமர நேரும் கடைசிப் பருவங்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. உங்கள் அணி வாங்கும் ஒவ்வொரு கோலையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: பந்து எங்கிருந்து உதைக்கப்பட்டது, அந்தக் கணத்தில் கோல்கீப்பரின் இரு பாதங்களும் தரையில் இருந்தனவா, முன்னேறி வருவதா கோட்டிலேயே நிற்பதா என்ற முடிவு எப்போது எடுக்கப்பட்டது, எதிரணியின் அந்த நகர்வு எங்கே தொடங்கியது. ஒரு பருவம் முழுதும் இப்படி எழுதினால், கைக்கு எட்டாத பந்து என்று நாம் எளிதில் சொல்லிவிடும் கோல்களில் பல, உதைக்கு முன்பே தவறான இடத்தில் நின்றதால் விழுந்தவை என்பது தெரியவரும். கிளப்பின் இளையோர் அணியில் வாரம் ஒரு மாலை உதவவும் அனுமதி கேளுங்கள்.

சான்றிதழ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, ப்ரோ உரிமங்கள் ஒரு வரிசை. கோல்கீப்பர் பயிற்சிக்கான வகுப்புகள் தனி வரிசை. ஐரோப்பாவிலும் கோல்கீப்பர் பயிற்சியாளருக்கென்று பி, ஏ உரிமங்கள் தனியே உள்ளன. கோல்கீப்பர் வகுப்பை மட்டும் முடித்து நின்றுவிடாமல் பொது உரிமத்தையும் பெறுங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. முழு அணியின் ஆட்டமுறையைப் புரிந்துகொள்ளாதவரால் இன்றைய கோல்கீப்பரைப் பயிற்றுவிக்க முடியாது.

அதற்குக் காரணம் விதிகளிலேயே இருக்கிறது. சக வீரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் கையால் தொடக் கூடாது என்ற விதி 1992-இல் வந்தது. 2019-இல் வந்த மாற்றத்தால், கோல் கிக் எடுக்கும்போது பந்து பெனால்டி பகுதியைத் தாண்டும்வரை காத்திருக்கத் தேவையில்லாமல், பக்கத்திலேயே நிற்கும் தற்காப்பு வீரருக்கு அதைத் தட்டிவிட முடிகிறது. 2025-26 பருவம் முதல், பந்தைக் கையில் எட்டு விநாடிகளுக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிக் கிடைக்கும். பழைய விதிகளில் ஊறிய மூத்த வீரர், தன் காலத்து இயல்புகளை மாணவரிடம் ஏற்றிவிடாமல் இருக்க இந்த மாற்றங்களை நுணுக்கமாகப் படிக்க வேண்டும். கோல்கீப்பர்களை மைதானத்தின் ஒரு மூலைக்குக் கூட்டிச் சென்று தனியே பந்தடித்துக்கொண்டிருக்கும் வழக்கமும் இனிப் போதாது. பயிற்சி நேரத்தில் ஒரு பகுதியையாவது தற்காப்பு வரிசையோடு சேர்ந்து செலவிட வேண்டும்.

இந்த மாற்றத்தில் மிகக் கடினமான பகுதி, உங்கள் உடல் அறிந்ததை இன்னொருவருக்குப் புரியும் சொல்லாக மாற்றுவது. இருபது ஆண்டுகள் பந்தைப் பிடித்தவருக்குத் தான் எப்படிப் பிடிக்கிறோம் என்பதே தெரியாமல் போகும், ஏனெனில் அந்த அசைவுகள் யோசனையின்றி நிகழப் பழகிவிட்டன. ஆகவே ஒவ்வொரு அசைவையும் பிரித்துப் பாருங்கள். ‘வேகமாகப் பாய்’ என்று கத்துவதால் பதினான்கு வயதுப் பையனுக்கு எந்தப் பயனும் இல்லை. உதைப்பவரின் கால் பந்தைத் தொடும் கணத்தில் உன் நகர்வு நின்றிருக்க வேண்டும், எடை பாதத்தின் முன்பகுதியில் இருக்க வேண்டும், கைகள் உடலுக்கு முன்னால் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவன் எதைச் சரிசெய்வது என்பதை அறிவான். 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்ட கோலை அப்படியே காக்க எவராலும் முடியாது என்பதால், பந்துக்கும் கோலின் நடுவுக்கும் இடையிலான கற்பனைக் கோட்டில் நின்று, முன்னேறி வந்து கோணத்தைக் குறுக்குவதே இந்தக் கலையின் அடிப்படை. இதை விளக்க இரு கம்பங்களிலிருந்தும் பந்துவரை நீளமான கயிறு கட்டிக் காட்டுங்கள். ஓர் அடி முன்னால் வந்தால் இருபுறமும் எவ்வளவு இடம் குறைகிறது என்பதை மாணவர் கண்ணாலேயே பார்த்துவிடுவார். ஒரு பயிற்சியில் ஒரே குறையை மட்டும் திருத்துங்கள். கை, கால், பார்வை மூன்றையும் ஒன்றாகத் திருத்தப் போனால், அவர் பந்தை விட்டுவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

உங்கள் நகலை உருவாக்க முயலாதீர்கள். களத்தில் வேடிக்கை செய்து மக்களைச் சிரிக்கவைத்த மையர் பின்னாளில் பயிற்றுவித்ததோ, முகத்தில் சீற்றம் தெறிக்க ஆடிய ஆலிவர் கானை. 2002 உலகக் கோப்பையின் சிறந்த வீரர் விருது கானுக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற கோல்கீப்பர் அவர் ஒருவரே. உயரம், கையின் நீளம், துணிச்சல், பொறுமை ஆகியவை ஆளுக்கு ஆள் மாறுபடும். பக்கவாட்டிலிருந்து உயரமாக வரும் கிராஸ் பந்தை நீங்கள் எப்போதும் பிடித்தவராக இருக்கலாம்; குள்ளமான மாணவர் அதைக் குத்தி விலக்கட்டும்.

பயிற்சியை வடிவமைக்கும்போது உங்கள் உதையின் தரத்தைக் கவனியுங்கள். கேட்ட இடத்துக்கு, கேட்ட உயரத்தில், கேட்ட வேகத்தில் பந்தைத் தர முடியாத பயிற்சியாளர் மாணவரின் நேரத்தை வீணாக்குகிறார். ஆகையால் கையுறையைக் கழற்றிய பின் நீங்கள் முதலில் பழக வேண்டியது பந்தடிப்பதைத்தான். உங்கள் பலத்தைக் காட்ட உதைக்காதீர்கள். பாய்ச்சல்களின் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு வையுங்கள், குறிப்பாக நம் ஊர்களின் கட்டாந்தரை மைதானங்களில். இடுப்பிலும் முழங்கையிலும் காயம் பட்ட சிறுவன் பாயவே அஞ்சுவான், அந்த அச்சத்தைப் போக்கப் பல மாதங்கள் ஆகும். புல் இல்லாத இடத்தில் மணல் பரப்பியோ மெத்தை விரித்தோ விழும் முறையைக் கற்றுக்கொடுத்துவிட்டு, கட்டாந்தரையில் நிலை, நடை, பிடி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆட்ட நாளில் உங்கள் பங்கு பெரும்பாலும் தகவல் திரட்டித் தருவதுதான். 2006 உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிரான பெனால்டி ஷூட் அவுட்டின்போது ஜெர்மனியின் கோல்கீப்பர் யென்ஸ் லேமன் தன் காலுறைக்குள்ளிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தார். அந்தக் குறிப்பைத் தயாரித்துக் கொடுத்தவர், 1996 ஐரோப்பியக் கோப்பையை வென்ற ஜெர்மனி அணியின் கோல்கீப்பராக இருந்து, 2006-இல் அதன் கோல்கீப்பர் பயிற்சியாளராக இருந்த ஆந்த்ரேயாஸ் கோப்கே. லேமன் தடுத்த இரண்டில் கடைசி உதையை எடுத்த கம்பியாஸோவின் பெயர் அந்தச் சீட்டில் இல்லை என்பதையும் மறக்காதீர்கள். குறிப்பு துணை நிற்கும், முடிவு கோல்கீப்பருடையது. எனவே ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு வரி போதும். பக்கம் பக்கமாக எழுதித் தராதீர்கள்.

உங்கள் நேரத்தில் பெரும்பகுதி, ஆடாத கோல்கீப்பருக்குப் போக வேண்டும் என்று நான் நம்புகிறேன். பதினொருவரில் கோல்கீப்பருக்கு இடம் ஒன்றுதான். அணியின் மற்ற இரு கோல்கீப்பர்களும் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில் கோஸ்டா ரிக்காவுக்கு எதிராக, கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் நெதர்லாந்து யாஸ்பர் சிலெஸனை வெளியே எடுத்து டிம் குருலை இறக்கியது. அவர் இரண்டு பெனால்டிகளைத் தடுத்து அணியை அரையிறுதிக்கு அனுப்பினார். குருல் முன்கூட்டியே தயார்படுத்தப்பட்டிருந்தார், சிலெஸனுக்கோ அந்தத் திட்டம் சொல்லப்படவில்லை; வெளியேறும்போது அவர் கோபத்தை மறைக்கவில்லை. மாற்று வீரரைத் தயார்செய்வதும், முதன்மை வீரரிடம் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்வதும் உங்கள் பொறுப்பில் சேரும். யாரைக் களமிறக்குவது என்ற முடிவு தலைமைப் பயிற்சியாளருடையதாக இருந்தாலும், அதற்கான காரணத்தை உட்கார்ந்து பேச வேண்டியவர் நீங்கள்.

தலைமைப் பயிற்சியாளர் ஆகும் வழியும் அடைபட்டதல்ல. ஸோஃப் 1990-இல் இத்தாலிய கிளப்பான யுவென்டஸுக்கு, ஐரோப்பிய கிளப்புகளுக்கான யுஏஃபா கோப்பையை வென்று கொடுத்தார், 2000-இல் இத்தாலியை ஐரோப்பியக் கோப்பை இறுதிக்கு அழைத்துச் சென்றார். போர்ச்சுகலின் போர்டோ கிளப்பில் மாற்று கோல்கீப்பராக இருந்த நூனோ எஸ்பிரிதோ ஸான்டோ, முதலில் கோல்கீப்பர் பயிற்சியாளராக வேலை பார்த்த பிறகே தனி அணிகளைப் பொறுப்பேற்றார்.

முதல் வேலைக்குப் பெரிய கிளப்பின் முதன்மை அணியைத் தேடாமல் பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் அணியை ஏற்றுக்கொள்ளுங்கள். அங்கே தவறாகக் கற்றதை அழிக்கும் வேலை குறைவு, ஒரே பாடத்தைப் பலவிதமாகச் சொல்லிப் பார்க்கும் சுதந்திரம் அதிகம். ஒப்புக்கொள்ளும் முன் மூன்றைக் கேட்டுப் பெறுங்கள்: கோல்கீப்பர்களுக்கென்று ஒதுக்கிய நேரம், அவர்களுக்கென்று ஒரு கோல், ஆளுக்கு ஐந்தாறு நல்ல பந்துகள். முழு அணிப் பயிற்சியிலும் உங்களுக்கு இடம் உண்டா என்பதையும் அப்போதே தலைமைப் பயிற்சியாளரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.