ஆவியில் வேகும் கேக்கில் கரடியின் முகம் கலைவது ஏன்?

குழந்தைக்காகக் கரடி, முயல், பூனை என்று முகம் வைத்துக் கேக் செய்யும்போது அது சரியாக வராவிட்டால், “எனக்கு வரைய வராது” என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வரைவது இதில் சின்னப் பங்குதான். முகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம். ஓவனில் கேக்கின் மேற்பரப்பு காய்ந்து இறுகும். ஸ்டீமரில் அது கடைசிவரை நனைந்தே இருக்கும். இதை மறந்துவிட்டு ஓவன் கேக்குக்கான அலங்கார முறைகளை அப்படியே பின்பற்றுவதுதான் முதல் தவறு.

மூடியிலிருந்தே தொடங்கலாம். மேலே எழும் ஆவி மூடியின் உட்புறத்தில் பட்டுத் துளித்துளியாகத் திரளும். ஒரு துளி கேக்கின் மேல் விழுந்தால்கூட அந்த இடம் பிசுபிசுத்துக் குழிந்துவிடும், நிறமும் கலையும். சுத்தமான பருத்தித் துணியை மூடியில் இறுக்கமாகச் சுற்றி, நுனிகளை மேலே இழுத்து முடிச்சுப் போட்டுவிடுங்கள். நுனி தொங்கினால் தீப்பிடிக்கும் என்பதால் இந்த முடிச்சில் அலட்சியம் வேண்டாம்.

அடுத்தது தீ. தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகே மோல்டை உள்ளே வைக்க வேண்டும். ஆனால் அதன்பின்னும் முழுத் தீயில் விட்டால் மாவு வேகமாக எழும்பி நடுவில் வெடித்துவிடும். சில கேக்குகளுக்கு அந்த வெடிப்பு அழகு. முகம் வைக்கும் கேக்குக்கு வழவழப்பான பரப்பு தேவை, அதனால் மிதமான தீ போதும். மோல்டில் முக்கால் பங்குக்கு மேல் மாவு ஊற்றாதீர்கள். பாதியில் திறந்து பார்த்தால் கேக் அமுங்கிவிடும். தண்ணீர் குறைந்து ஊற்ற வேண்டி வந்தால் கொதிக்கும் நீரையே ஊற்றுங்கள்.

நிறத்தில்தான் ஏமாற்றம் அதிகம். ஆவியின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்பதால் கேக் பொன்னிறமாகச் சிவக்காது. வெளிர்நிற முகங்களுக்கு அது நல்ல வசதி. ஆனால் இயற்கை நிறங்கள் எல்லாம் இந்த வெப்பத்தைத் தாங்குவதில்லை. பீட்ரூட் சாறு கலந்த மாவு வேகாமல் இருக்கும்போது அருமையான ரோஜா நிறம் காட்டும். வெந்ததும் மங்கிப் பழுப்படித்துவிடும். மஞ்சள்தூள் கலந்த மாவில் சமையல் சோடா கூடினால் செம்பழுப்பாகும். சங்குப்பூவின் நீலம் எலுமிச்சை பட்டால் ஊதாவாகும், சோடா பட்டால் பச்சைக்குத் திரும்பும். முட்டையின் மஞ்சள் கரு சேர்ந்த மாவிலும் நீலம் பச்சையாகவே தெரியும். நீல முகம் வேண்டுமானால் வெள்ளைக் கருவை மட்டும் சேர்த்த மாவு நல்லது. கண்ணுக்கும் மூக்குக்கும் கருப்பு வேண்டும் என்று வெள்ளை மாவில் கருப்பு நிறத்தைக் கொட்டினால் கசப்புத்தான் மிஞ்சும். கொக்கோ கலந்து அடர்பழுப்பாக்கிய மாவில் கொஞ்சம் கருப்பு ஜெல் சேர்த்தாலே போதும். கொக்கோ ஈரத்தை உறிஞ்சி மாவை இறுக்கிவிடும். சில சொட்டுப் பால் விட்டுத் தளர்த்திக்கொள்ளுங்கள். திரவ நிறத்தை ஊற்றினால் மாவு நீர்த்து, கோடுகள் ஒன்றில் ஒன்று பரவும்.

முகத்தை மாவிலேயே கொண்டுவருவதுதான் எனக்குப் பிடித்த முறை. மேலே எதையும் ஒட்டத் தேவையில்லை, கரைந்துபோகவும் எதுவும் இல்லை. மோல்டின் அடியில் பட்டர் பேப்பர் விரித்து, மாவைப் பிழியும் பைப்பிங் பையின் நுனியைப் பொடியாக வெட்டி, முதலில் கண், மூக்கு, வாயை வரைய வேண்டும். பிறகு அதை மட்டும் ஓரிரு நிமிடம் ஆவியில் வைத்து, தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் முகத்தின் நிற மாவை மெதுவாக ஊற்ற வேண்டும். இந்த ஓரிரு நிமிடத்தைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் கண்கள் கன்னத்தில் வழிகின்றன. இன்னொன்று: கவிழ்த்து எடுக்கும்போது இடம் வலமாகும். ஒரு கண் சிமிட்டும் பூனையோ, எழுத்துகளோ என்றால் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி வரையுங்கள்.

மேலே ஒட்டித்தான் அலங்கரிக்கப் போகிறீர்கள் என்றால் கேக் முழுக்க ஆறட்டும். இளஞ்சூட்டில் வைத்த பட்டர் கிரீம் வழுக்கி இறங்கும். மாவுபோல் உருட்டி வெட்டி ஒட்டும் ஃபாண்டன்டில் இருப்பது சர்க்கரை. ஈரமான பரப்பில் அது வியர்த்துப் பளபளத்துப் பிறகு கரையும். மெல்லிய பட்டர் கிரீம் பூசி அதன்மேல் ஒட்டினால் கொஞ்ச நேரம் தாங்கும். பரிமாறுவதற்குச் சற்று முன் காதுகளை வைப்பதே நல்லது.

அளவுக்கு மீறிய நுணுக்கமும் தவறுதான். புருவம், இமை, மீசை, பொத்தான் என்று அடுக்கினால் சின்ன வட்டத்தில் எல்லாம் கலங்கிவிடும். கண்களை முகத்தின் பாதிக்குச் சற்றுக் கீழே, நன்றாக இடைவெளி விட்டு வையுங்கள். மூக்கை அவற்றுக்கு நடுவே, கிட்டத்தட்ட அதே மட்டத்தில் வையுங்கள். குட்டி முகத்தின் செல்லம் உடனே வந்துவிடும். காதின் வடிவம் சரியாக இருந்தால் அது முயலா கரடியா என்று எந்தக் குழந்தையும் சொல்லிவிடும்.

இதுவரை சொன்னதில் எது பிசகினாலும் கேக்கைச் சாப்பிடலாம். இனி சொல்வதில் பிசகக் கூடாது. காதை நிறுத்தப் பல்குச்சி செருகாதீர்கள்; கடித்த பிறகுதான் அது தெரியும். நச்சில்லை என்று மட்டும் எழுதியிருக்கும் மினுக்குத்தூள் உண்பதற்கானது ஆகாது. உண்ணத்தக்கது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். கண்ணுக்கு முழு பாதாமோ கடினமான சர்க்கரை மணிகளோ வைத்தால் 5 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தொண்டையில் சிக்கலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்த்த கேக் வேண்டவே வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற கடும் நச்சுநோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் ஆவியின் வெப்பத்தில் சாவதில்லை. மற்றக் குழந்தைகளும் சாப்பிடப் போகிறார்கள் என்றால் முட்டை, பால், கொட்டை ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று மாவு கரைப்பதற்கு முன்பே அவர்கள் வீட்டில் கேட்டுவிடுங்கள்.