எக்செலில் நெடுக்கைக் குறுக்காக்கும்போது செய்யக்கூடாதவை

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் பன்னிரண்டு மாதக் கணக்கை நெடுக்கிலிருந்து குறுக்காகத் திருப்பிக்கொண்டிருந்தான். காப்பி, ரைட் கிளிக், டிரான்ஸ்போஸ். "முடிஞ்சுதுண்ணே" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எட்டு வருஷத்துக்கு முன் நானும் இப்படித்தான் சொன்னேன்.

கட் செய்தால் டிரான்ஸ்போஸ் வராது, காப்பி எடுத்த இடத்தின் மேலேயே ஒட்ட முடியாது. இதையெல்லாம் எக்செலே தடுத்துவிடும், விடுங்கள். அது தடுக்காமல் விடுகிற ஒன்று இருக்கிறது.

ஃபார்முலாவோடு திருப்புவது

அது ஒரு ஜவுளிக்கடைக் கணக்கு. ஏ நெடுக்கில் மாதம், பி-யில் ரொக்க விற்பனை, சி-யில் கடன் விற்பனை, டி-யில் இரண்டின் கூட்டல்: =பி2+சி2. சுருக்க ஷீட்டில் மாதங்கள் குறுக்கில். அங்கே 3-வது வரிசையில் போன வருஷ ரொக்கமும் 4-வது வரிசையில் போன வருஷக் கடனும் ஏற்கெனவே இருந்தன. டி2 முதல் டி13 வரை காப்பி செய்து, பி5-இல் டிரான்ஸ்போஸ் போட்டு ஒட்டினேன். பன்னிரண்டு எண்களும் அழகாக உட்கார்ந்தன.

டி2-இல் உள்ள ஃபார்முலா பி2, சி2 என்று காட்டினாலும், "என் இடப்பக்கத்து இரண்டு செல்" என்றுதான் நினைத்துக்கொள்கிறது. திருப்பியதும் இடப்பக்கம் மேல்பக்கமாகிவிடும். பி5-இல் போய் உட்கார்ந்தது =பி3+பி4. 'இந்த வருஷம்' என்று தலைப்புப் போட்டு, போன வருஷ விற்பனையைக் கூட்டி வைத்திருந்தேன். ஒரு பிழை வந்திருந்தால் பிழைத்திருப்பேன், வரவில்லை.

கடன் புதுப்பிக்க அந்தத் தாள் வங்கிக்கே போய்விட்டது. ஒரு வாரம் கழித்து முதலாளி கேட்டார்: "தம்பி, இந்த வருஷம் நாம ஆடித் தள்ளுபடியே போடலியே. ஜூலையில எப்படி இவ்வளவு?" அப்புறம் திருத்திய தாளோடு நானும் கூடப் போய் மேனேஜர் முன்னால் நின்றேன்.

முழு அட்டவணையையும் சேர்த்துத் திருப்பினால் கணக்கு சரியாகவே வரும். பத்து தடவை அப்படிச் சரியாக வந்ததால்தான் பதினோராவது தடவை நான் பார்க்கவில்லை.

இதைத் தவிர்க்க, காப்பி செய்தபின் கன்ட்ரோல், ஆல்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பேஸ்ட் ஸ்பெஷல் பெட்டியில் வேல்யூஸ், டிரான்ஸ்போஸ் இரண்டையும் தேர்ந்தெடுங்கள். எண் மட்டும் போகும். மூலத்தில் மாற்றினால் இங்கேயும் மாற வேண்டுமென்றால் டிரான்ஸ்போஸ் ஃபங்ஷன் இருக்கிறது. ஃபார்முலா மாறாமல் போக, அதன் சமன் குறியை ## ஆக்கி, திருப்பிவிட்டு, மறுபடி சமன் ஆக்கும் வித்தையைச் சிலர் சொல்வார்கள். அது அதே ஷீட்டுக்குள் மட்டும்தான் பலிக்கும். வேறு ஷீட்டில் ஒட்டினால் அந்த ஷீட்டின் பி2, சி2-ஐப் பிடித்துக்கொள்ளும்.

பையனை ஒரு செல்லைக் கிளிக் செய்து ஃபார்முலா பாரைப் பார்க்கச் சொன்னேன். அவனுடையதும் மேலே இருந்ததைத்தான் கூட்டியிருந்தது.

காலி செல்

டிரான்ஸ்போஸ் ஃபங்ஷன் காலி செல்லை 0 என்று காட்டும். கடை மூடிய நாளும் விற்காத நாளும் ஒன்றாகிவிடும்.

டேபிள்

எக்செலின் 'டேபிள்' வசதியில் போட்ட அட்டவணையாக இருந்தால் டிரான்ஸ்போஸ் கிடைக்காது. சாதாரண ரேஞ்சாக மாற்றிவிட்டுச் செய்யுங்கள்.

திருப்பவே கூடாத இடம்

கிளைகள் நெடுக்கில், மாதங்கள் குறுக்கில். பிவட் டேபிள் (தகவலைத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் அட்டவணை) போட வேண்டும் என்று சிலர் இதைத் திருப்புகிறார்கள். கிளைகள் குறுக்கில் போகும், அவ்வளவுதான். வேண்டியது ஒவ்வொரு கிளையின் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரிசை. அதற்குப் பவர் குவெரி, அதாவது தகவலின் வடிவத்தை மாற்றித் தரும் வசதி. 2016 முதல் எக்செலுக்குள்ளேயே இருக்கிறது. கிளைப் பெயர் உள்ள நெடுக்கைத் தேர்ந்தெடுத்து, 'அன்பிவட் அதர் காலம்ஸ்' கொடுத்தால் 10 கிளைக்கு 120 வரிசை வரும். காலி செல்லுக்கு மட்டும் வரிசை வராது. 117 வந்தால் பதற வேண்டாம், எந்த மூன்று மாதக் கணக்கு வரவில்லை என்று கிளைக்குப் போன் போடுங்கள்.