நான்கு குன்றிமணி ஈயம்: ஏர் ரைபிள் பெல்லட்டுகளைத் தேர்ந்து பிரிக்கும் முறை

ஏர் ரைபிளில் சுடும் சிறு ஈயக் குண்டுதான் பெல்லட். ஒன்றின் எடை 530 மில்லிகிராம். எங்கள் பட்டறைக் கணக்கில் ஏறக்குறைய நான்கு குன்றிமணி. நாற்பது ஆண்டுகளாகக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நகை வேலை செய்கிறேன். குன்றிமணி குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டிய தொழில் இது. என் மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடத் தொடங்கிய நாளிலிருந்து அவளுடைய பெல்லட்டுகளைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் வேலையை நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். அவளோடு பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் இதை எப்படிச் செய்வது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாடுகளில் வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சுட்ட தோட்டாவின் உறையை எடுத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்தி, தங்கள் துப்பாக்கிக்கென்றே தோட்டா செய்துகொள்கிறார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதும் குற்றம். நான் சொல்வது காற்றழுத்தத்தில் இயங்கும் போட்டித் துப்பாக்கியைப் பற்றி மட்டுமே. இதில் மருந்து இல்லை, 4.5 மில்லிமீட்டர் ஈய ரவை மட்டும்தான். பெருமாள் ஏரிக்கு நாரை சுடப் போகிறேன், ரவை பிரித்துத் தாருங்கள் என்று ஒருவர் பட்டறைக்கு வந்தார். அவரைப் படியேறவே விடவில்லை.

எந்த அளவு நுணுக்கம் தேவை என்று தெரிந்தால்தான் எங்கே பாடுபட வேண்டும் என்பதும் தெரியும். 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம்தான். போட்டியில் தசம எண்ணில் மதிப்பெண் தருகிறார்கள். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. நடுவிலிருந்து கால் மில்லிமீட்டர் விலகினால் 0.1 போய்விடும். கால் மில்லிமீட்டர் என்பது நான் சங்கிலிக்கு இழுக்கும் மெல்லிய கம்பியின் தடிமன். 60 குண்டுகளில் ஒவ்வொன்றுக்கும் 0.1 குறைந்தால் மொத்தத்தில் ஆறு மதிப்பெண் போய்விடுகிறது. இறுதிச் சுற்றுக்குள் நுழைகிறவரையும் வெளியே நிற்கிறவரையும் பிரிப்பது பல நேரங்களில் அதைவிடக் குறைந்த வித்தியாசம்தான். கடலூரில் 1999இல் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றது இந்த 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். அந்தச் செய்தி வந்த நாளிதழை என் மகள் கத்தரித்துப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள்.

நான் செய்த முதல் பிழை, எடையை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தது. தட்டான் கையில் தராசு இருக்கும்போது வேறு எதன் மீது நம்பிக்கை வரும்? ஒரு டப்பாவில் 500 பெல்லட். ஒவ்வொன்றாக நிறுத்து, மில்லிகிராம் வாரியாகப் பொட்டலம் கட்டினேன். நல்ல டப்பா ஒன்றில் ஒரு சிலவற்றைத் தவிர மற்றவை 527 முதல் 536 வரை வந்தன. இரண்டு மாதம் இப்படியே இரவு இரவாக நிறுத்தேன். இலக்கில் அவளுடைய குண்டுகள் விழும் கூட்டம் சுருங்கவில்லை.

பிளஸ் ஒன் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த அவளே ஒருநாள் கணக்குப் போட்டுக் காட்டினாள். "அப்பா, வேகம் வினாடிக்கு 170 மீட்டர். பத்து மீட்டரைக் கடக்க 0.06 வினாடிகூட ஆவதில்லை. அதற்குள் குண்டு கீழே இறங்குவது 17 மில்லிமீட்டர்தான். எடை ஐந்து மில்லிகிராம் கூடினால் வேகம் அரை விழுக்காடு குறையும். இறக்கம் ஒரு விழுக்காடு கூடும், அவ்வளவுதான்." 17 மில்லிமீட்டரில் ஒரு விழுக்காடு 0.17 மில்லிமீட்டர். 0.1 மதிப்பெண்ணுக்கு உரிய கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. ஏறக்குறைய எட்டு மில்லிகிராம் விலகினால்தான் அதைத் தாண்டும். அப்படி விலகுவது நல்ல டப்பாவில் 500க்கு நான்கோ ஐந்தோதான். ஆக, தராசின் வேலை அந்த நாலைந்தைப் பிடித்து வெளியே போடுவது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

அதைவிடப் பெரிய வேலை கண்ணுக்கு இருக்கிறது. பெல்லட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்: தட்டையான தலை, ஒடுங்கிய இடுப்பு, உள்ளே குழிந்து விரிந்த பாவாடை. காற்று பின்னாலிருந்து தள்ளும்போது அந்தப் பாவாடைதான் விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக் காற்றை அடைக்கிறது. அதில் ஓரிடத்தில் நசுங்கல் இருந்தால் குண்டு குழலின் வாயை விட்டு வெளியேறும் கணத்தில் காற்று ஒரு பக்கமாகப் பீறிட்டுக் குண்டைத் தள்ளிவிடும். எடை எவ்வளவு சரியாக இருந்தாலும் அது எங்கோ போய்விடும்.

டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டாதீர்கள். தட்டில் மெல்லிய துணி விரித்து, டப்பாவைத் தட்டோடு ஒட்டிச் சாய்த்துச் சிறிது சிறிதாக வழியவிடுங்கள். விளக்கைத் தலைக்கு மேல் வைக்காமல் பக்கவாட்டில், தட்டின் மட்டத்துக்கு வையுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைகிற நசுங்கல் பக்க வெளிச்சத்தில் நிழலாகத் தெரியும்; கல் பதித்த நகையில் நாங்கள் கீறல் பார்ப்பது இப்படித்தான். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும். முதலில் பாவாடை விளிம்பு, அடுத்து தலையின் ஓரம், கடைசியாக இடுப்பில் ஒட்டிய ஈயத்துகள். ஒரு பெல்லட்டுக்கு மூன்று வினாடிக்கு மேல் வேண்டாம். சந்தேகம் வந்தாலே பயிற்சிக் குவியலில் போடுங்கள்.

கண் தவறவிட்டதைக் கண்ணாடி பிடிக்கும். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் துடைத்து மேசை மேல் கிடத்தி, ஒரு பக்கத்துக்குக் கீழே இரண்டு நாணயங்களை வைத்துச் சற்றே உயர்த்துங்கள். மேல் விளிம்பில் ஒரு கோடு கிழித்து, அதே இடத்தில் ஒவ்வொரு பெல்லட்டையும் படுக்க வைத்து உருளவிடுங்கள். தலையைவிடப் பாவாடை சற்று அகலம் என்பதால் அது நேராக உருளாது. தலைப்பக்கமாக வளைந்து செல்லும். ஒரே அச்சில் பிறந்தவை ஒரே வளைவில் ஓடி ஒரே இடத்தில் விழும். வளைவு மாறினாலோ, குதித்துக் குதித்து ஓடினாலோ, அதன் உருவத்தில் ஏதோ கோணல் இருக்கிறது. எடையில் தேறிப் பார்வையிலும் தேறியவற்றில் நூற்றுக்கு ஐந்தாறு இந்தக் கண்ணாடியில் எனக்குத் தோற்றிருக்கின்றன. பட்டறை மேசையில் இதைச் செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தராசுக்கும் அதே விதிதான்: மில்லிகிராம் காட்டும் தராசைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, ஐம்பது பெல்லட்டுக்கு ஒருமுறை படிக்கல் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

கம்பி இழுக்கும் துளைத்தகட்டில் பெல்லட்டை நுழைத்துத் தலையின் அளவை ஒன்றாக்கிவிடலாமே என்று எனக்கு ஆசை வந்தது. செய்யாதீர்கள். ஈயம் தங்கத்தைவிட மெத்தென்று கொடுக்கும். தலை சரியாகும் வேளையில் பாவாடை சுருங்கிவிடும். மைக்ரோமீட்டரால் அளப்பதும் வீண். அளக்கும் அழுத்தத்திலேயே அளவு மாறிவிடுகிறது. தலையின் அளவு டப்பாவிலேயே குறித்திருக்கும்: 4.49, 4.50, 4.51 என்று. அதற்கு அருகில் தயாரிப்புத் தொகுதி எண்ணும் இருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. நான் கடையில் முதலில் படிப்பது அதைத்தான்.

ஏனென்றால் இவ்வளவும் செய்து தேர்ந்த பெல்லட்டையும் உங்கள் குழல் விரும்ப வேண்டும். எந்தத் தொகுதியை விரும்பும் என்பதைச் சுட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. எங்கள் வீடு பழைய காலத்து வீடு. ரேழியிலிருந்து முற்றத்தின் தாழ்வாரம் வழியாகக் கொல்லைக் கதவு வரை நேராகப் பத்து மீட்டருக்கு மேல் வருகிறது. கொல்லைக் கதவைத் தாழிட்டு, அதன் முன்னால் சுட்ட குண்டைத் தடுத்துப் பிடிக்கும், இரும்புத் தகடு வைத்த குண்டுப்பெட்டியை நிறுத்தினேன். சோதனை நடக்கும்போது நடுவில் உள்ள அறைக் கதவுகளும் பூட்டியிருக்கும்; வீட்டில் உள்ள எல்லோரும் சுடுகிறவருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். என் மனைவி அடுப்படியில் வேலையாக இருந்தால் சோதனை இல்லை.

துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சோதிக்கக் கூடாது. மனிதக் கையின் நடுக்கமும் பெல்லட்டின் குறையும் கலந்துவிடும். தேக்குக் கட்டையில் கம்பளித் துணி ஒட்டி ஒரு பிடி செய்தேன். குழலைப் பிடிக்காமல் துப்பாக்கியின் உடற்பகுதியை அதில் இறுக்கி, மேசையோடு முடுக்கினேன். அழுத்தக் காற்றுக் குப்பி உள்ள துப்பாக்கிக்கு இது சரி. சுருள்வில் துப்பாக்கி உதறும். அதை இறுக்கிப் பிடித்தால் பொய்யான முடிவுதான் வரும், மெத்தென்ற தாங்கலில் வைத்தே சுட வேண்டும். குப்பியில் அழுத்தம் போதுமான அளவு இருக்கிறதா என்று ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னால் பாருங்கள். குப்பியின் மேல் உள்ள ஆண்டையும் பாருங்கள். பத்து ஆண்டு கடந்த குப்பிக்குப் போட்டியில் இடமில்லை.

புதிய தொகுதிக்கு மாறியதும் முதல் இருபது குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழல் புதிய ஈயத்துக்குப் பழக வேண்டும். பிறகு பத்துப் பத்துக் குண்டுகளாக ஐந்து அட்டைகள். ஓர் அட்டையை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. எந்தப் பெல்லட்டும் ஒருமுறை அழகாகக் கூடும். ஒவ்வொரு கூட்டத்தின் வெளிவிளிம்பையும் வெர்னியரால் அளந்து 4.5ஐக் கழித்தால் நடுவுக்கு நடு உள்ள அகலம் கிடைக்கும். எங்கள் நோட்டில் உள்ள ஐந்து அட்டைச் சராசரி இது: 4.49 அளவில் 2.6 மில்லிமீட்டர், 4.50 அளவில் ஒரு தொகுதி 1.7, அதே நிறுவனத்தின் அதே 4.50 அளவில் வேறொரு தொகுதி 2.5. அளவு ஒன்று, தொகுதி எண் மட்டும் வேறு. இரண்டு மாதம் நான் நிறுத்து நிறுத்துப் பெறாத பலன், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அந்தத் தொகுதி எண்ணில் கிடைத்தது. திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் ரயில் வரும் நேரங்களில் மட்டும் நிறுத்திக்கொண்டோம். தரை அதிர்வது மேசைக்குத் தெரியும்.

நல்ல தொகுதி கிடைத்ததும் அதிலேயே கையிருப்பு வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் போனால் கடையில் அந்த எண் இருக்காது.

வாங்கியதைக் காப்பது நம் கடற்கரையில் தனி வேலை. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. பீரோவுக்குள் ஈரம் ஏறியது. மூடி சரியாக அழுந்தாத இரண்டு டப்பாக்களில் பெல்லட்டுகள் வெண்பூச்சு படிந்து கிடந்தன. ஈயம் ஈரத்தில் அப்படித்தான் பூக்கும். துடைத்தாலும் பழைய மேற்பரப்பு திரும்பாது, பயிற்சிக்கும் ஆகாது. இப்போது ஒவ்வொரு டப்பாவையும் ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலத்தோடு இறுக மூடும் எவர்சில்வர் தூக்கில் வைக்கிறேன். அந்தத் தூக்குகள் மறுபடி சமையலறைக்குப் போகாது.

இதைப் பெற்றோர் எல்லோரும் கேட்க வேண்டும்: ஈயம் உடலுக்குள் போனால் நஞ்சு, பிள்ளைகளுக்கு அது இன்னும் கொடியது. பெல்லட் தொட்ட கையோடு முறுக்கு எடுக்கக் கூடாது. சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிய பிறகுதான் சாப்பாடு. குண்டுப்பெட்டியைச் சுற்றித் துடைப்பத்தால் கூட்டினால் தூசி பறந்து மூக்கில் ஏறும். ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். சுட்ட ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கிக் கட்டியாக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். உருக்குகிற தொழிலில் இருக்கிற நானே அதைச் செய்வதில்லை. டின்னில் சேர்த்துவைத்துப் பழைய உலோகம் வாங்குபவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

போட்டிக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவு, கண்ணாடியில் தேறியவற்றிலிருந்து தொண்ணூறு எடுத்து வைக்கிறேன். அறுபது போட்டிக்கு, மீதி குறி பார்க்கும் சுற்றுக்கு. தனித்தனிக் குழி உள்ள பஞ்சுத் தட்டில் எல்லாவற்றையும் தலை கீழாக, பாவாடை மேலாக அடுக்குவேன். அவள் விரல் பாவாடை விளிம்பைப் பிடிக்காமல் இடுப்பைப் பிடித்து எடுக்கக் கற்றிருக்கிறாள். தட்டின் அடியில் தொகுதி எண்ணையும் தேதியையும் பென்சிலால் எழுதுகிறேன். போட்டி முடிந்து வந்ததும் மீதி எத்தனை என்று எண்ணி, மதிப்பெண்ணோடு சேர்த்து அதே நோட்டில் பதிந்துவிட்டுத்தான் பட்டறை விளக்கை அணைப்பேன்.