மலையில் தச்செறும்பு: பெயரிலும் இடத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூடலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் பெரிய கறுப்பு எறும்பு கண்ணில் பட்டால், படம் எடுத்து ‘காம்போனோட்டஸ் கம்ப்ரெசஸ், நீலகிரி’ என்று எழுதிவிடுகிறோம். காம்போனோட்டஸ் என்பது தச்செறும்புகளின் பேரினப் பெயர், கம்ப்ரெசஸ் அதில் ஒரு சிற்றினம். ஒரு பெயர், ஒரு இடம், அவ்வளவுதான்; ஆனால் இரண்டிலுமே வழுக்க இடம் இருக்கிறது. பெயரைச் சரிபார்க்கச் சிலராவது மெனக்கெடுகிறார்கள். இடத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

முதலில், அது தச்செறும்புதானா? கட்டெறும்பு என்று ஊரில் சொல்வது எல்லாம் ஒரே எறும்பு இல்லை. கொட்டியது என்றால் தச்செறும்பாக இருக்காது. தச்செறும்புக்குக் கொடுக்கு கிடையாது; கடித்துவிட்டு ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். உடம்பு முழுக்கக் கோடு கோடாக வரிகள் ஓடினால் அது பெரும்பாலும் டயகம்மா, கொடுக்குள்ள வேறொரு கூட்டம். முதுகிலும் இடையிலும் முள் நீட்டிக்கொண்டிருந்தால் பாலிராக்கிஸ். அது தச்செறும்புக்கு நெருங்கிய உறவு, ஆனால் வேறு பேரினம். கால்களையும் ஒருமுறை எண்ணிவிடுங்கள். எட்டு இருந்தால் எறும்பு வேடம் போட்ட சிலந்தி. சிரிக்க வேண்டாம், நல்ல கேமரா வைத்திருப்பவர்களே இதில் ஏமாறுகிறார்கள்.

தச்செறும்பைப் பக்கவாட்டில் பார்த்தால் மார்பின் மேற்புறம் பெரும்பாலும் மேடுபள்ளம் இல்லாமல் ஒரே வளைவாகப் போகும். இடையில் ஒரே ஒரு கணு. முகத்தை நேராகப் பார்த்தால் உணர்கொம்புகள் வாய்க்கு மேலுள்ள தகட்டை ஒட்டி முளைக்காமல், கொஞ்சம் தள்ளி மேலே முளைத்திருக்கும். ஆகவே மேலிருந்து எடுத்த ஒற்றைப் படம் போதாது. பக்கவாட்டுப் படம் ஒன்று, முகப் படம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

அடுத்து அளவு. பட்டியல்களை அதிகம் கெடுப்பது இதுதான். கம்ப்ரெசஸின் ஒரே புற்றில், ஒரே ராணிக்குப் பிறந்த வேலைக்காரிகளிலேயே சிறியவையும் உண்டு, அவற்றைப் போல இரு மடங்கு நீளத்தில் பெருந்தலையோடு அலைபவையும் உண்டு. சிறியதின் தலை ஒடுங்கி நீண்டிருக்கும். பெரியதின் தலை பின்புறம் அகன்று இதய வடிவில் இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அக்கா தங்கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டையும் இரண்டு சிற்றினமாக எண்ணினால், அந்தத் தோட்டத்து எறும்பு வகைகளில் இல்லாத ஒன்று கூடிவிடுகிறது. இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: அருகருகே இருக்கும் இரண்டு புற்றுகளின் எறும்புகளைக் கலந்து, ‘சிறியது, பெரியது’ என்று ஒரே பெயரில் அடக்கிவிடுவது. முடிந்தவரை ஒரே புற்று வாசலிலிருந்து, ஒரே நேரத்தில் வரும் எல்லா அளவுகளையும் பாருங்கள். சிறகுள்ள ராணியும் ஆணும் வெளியே வரும் நாட்களில் அவற்றை ஈசல் என்று தள்ளிவிடுவதும் உண்டு. எறும்பின் இடை குறுகியிருக்கும், முன்சிறகு பின்சிறகைவிடப் பெரியது. ஈசலுக்கு இடுப்பே இல்லை, நான்கு சிறகும் ஒரே நீளம்.

நிறத்தை நம்பி முடிவு செய்வதும் ஆபத்து. வயிற்றில் பொன்னிறப் பட்டு மயிர் மின்னினால் உடனே செரிசியஸ் என்ற தச்செறும்புச் சிற்றினம் என்று எழுதுகிறார்கள். பாரியஸ் என்ற இன்னொரு தச்செறும்புக்கும் அப்படிப் பளபளக்கும் மயிர் உண்டு. இந்தப் பாரியஸை எறும்பு ஆய்வாளர் எமரி 1889-இல் விவரித்தார். பழைய பட்டியல்களில் அது ரூஃபோகிளாக்கஸ் என்ற வேறொரு தச்செறும்பின் துணைச்சிற்றினமாக இருந்தது. ஆக, பழைய கட்டுரையில் ‘ரூஃபோகிளாக்கஸ்’ என்று கண்டால் எதைச் சொல்கிறார்கள் என்று நிதானித்துப் படிக்க வேண்டும். சில சமயம் ‘காம்போனோட்டஸ், சிற்றினம் தெரியவில்லை’ என்று நிறுத்திக்கொள்வதே ஒழுங்கான பதிவு.

பிங்காம் 1903-இல் எழுதிய இந்திய எறும்பு நூல் இன்றும் கைகொடுக்கிறது, ஆனால் அதன் வகைப்பாட்டை அப்படியே எடுக்கக் கூடாது. காம்போனோட்டஸுக்குள் அடங்கியிருந்த கொலோபாப்சிஸ் 2016-இல் தனிப் பேரினமாகப் பிரிந்தது. சிற்றினப் பெயருக்குப் பின்னால், அதை முதலில் விவரித்தவர் பெயரையும் ஆண்டையும் சுற்றி வரும் அடைப்புக்குறியும் அலங்காரம் இல்லை. ஃபாப்ரீசியஸ் 1787-இல் கம்ப்ரெசஸை ஃபார்மிகா என்ற பேரினத்தில் வைத்தார். காம்போனோட்டஸ் என்ற பேரினமே 1861-இல் மயர் உண்டாக்கியதுதான். பேரினம் மாறியதால் (ஃபாப்ரீசியஸ், 1787) என்று அடைப்புக்குறிக்குள் போடுகிறோம். பாரியஸ் முதலிலிருந்தே காம்போனோட்டஸ் என்பதால் எமரி, 1889 என்று வெறுமனே வரும்.

சரி, இடத்துக்கு வருவோம். இந்திய எறும்புகளின் 2016 பட்டியல் 828 சிற்றினங்களையும் துணைச்சிற்றினங்களையும் மாநில வாரியாகத் தருகிறது. ‘தமிழ்நாடு’ என்று அதில் இருப்பதால் தொட்டபெட்டாவிலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்வது நம் தவறு, பட்டியலின் தவறு இல்லை. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர்; தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஒரு காலைப் பேருந்துப் பயணத்தில் வேப்பமரக் காட்டிலிருந்து உறைபனி விழும் புல்வெளிக்கு வந்துவிடுகிறோம். ஏற ஏற எறும்பு வகைகள் பொதுவாகக் குறையும். கம்ப்ரெசஸ் சமவெளியில் தெருவோரத்திலேயே கிடைக்கும் எறும்பு; அதை ஊட்டியிலோ கொடைக்கானலிலோ பார்த்ததாக எழுதினால் உயரம், சோலையா, தேயிலையா, யூக்கலிப்டஸ் தோப்பா என்பதையும் எழுத வேண்டும். நீலகிரிக்கும் பழனி மலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது என்பதால், அங்கே இருப்பது இங்கேயும் இருக்கும் என்று ஊகிக்கவும் முடியாது.

மரத்தில் ஏறுகிறது என்பதற்காக மரத்தில் குடியிருப்பதாகவும் எழுதிவிடாதீர்கள். கம்ப்ரெசஸ் பெரும்பாலும் மரத்தடி மண்ணில்தான் புற்று வைக்கும். மேலே போவது சாறுறிஞ்சும் பூச்சிகள் விடும் இனிப்பு நீருக்காக. தச்செறும்புகளில் எதுவுமே மரத்தைத் தின்பதில்லை. வீட்டு உத்திரம் உளுத்துப்போனால் கரையானைத் தேடுங்கள்.

பழைய இடப்பெயர்களில் இன்னொரு பொறி. கூடலூர், பந்தலூர் அடங்கிய தென்கிழக்கு வயநாடு 1877-இல்தான் நீலகிரியோடு சேர்ந்தது, அதற்கு முன் அது மலபார் மாவட்டம். விலங்கியலாளர் ஜெர்டன் தென்னிந்திய எறும்புப் பட்டியலை வெளியிட்டது 1851-இல். அந்தக் காலக் குறிப்பில் மலபார், வயநாடு என்றிருந்தால் அது இன்றைய நீலகிரி மாவட்டமாகவும் இருக்கலாம், கேரளமாகவும் இருக்கலாம். கொடைக்கானலும் 1985 வரை மதுரை மாவட்டம். ஆகவே பழைய பதிவை இன்றைய வரைபடத்தில் புள்ளியாக வைக்கும் முன், எழுதிய ஆண்டைப் பாருங்கள். புதிய பதிவு என்றால் மாவட்டப் பெயரோடு நிற்காமல் ஊர், உயரம், கைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் இருக்கட்டும். முதுமலை, முக்குருத்தி, கொடைக்கானல் சரணாலயம் போன்ற இடங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு எறும்பைக்கூடக் குப்பியில் எடுக்கக் கூடாது.