வெண்புள்ளிக் களிம்பு: கணக்குத் தப்பும் இடங்கள்

மருந்துக் கடையில் அடிக்கடி காணும் காட்சி இது. கடைசிச் சொட்டுவரை பிதுக்கிச் சுருட்டிய பழைய டியூப் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, "இதே மருந்தில் இன்னொன்று கொடுங்கள்" என்று நீட்டுவார்கள். மருத்துவர் சீட்டு எங்கே என்று பல கடைகளில் கேட்பதில்லை. அந்த டியூப் குளோபெட்டசால் என்றால் வம்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

குளோபெட்டசால், மொமெட்டசோன் இரண்டும் ஸ்டீராய்டு களிம்புகள். தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களை நம் உடலின் எதிர்ப்பாற்றலே தாக்குவதுதான் வெண்புள்ளி. அந்தத் தாக்குதலை இவை அடக்கும். நல்ல மருந்துகள்தான், ஆனால் கெடு உள்ளவை. மருத்துவர் கண்காணிப்பில் சுமார் மூன்று மாதம், நடுவில் இடைவெளி என்பதே வழக்கம். அதைத் தாண்டித் தினமும் பூசினால் தோல் மெலிந்து செந்நரம்புகள் தெரியும், தொடையிடுக்கில் வரிகள் விழும். கண்ணோரம் பூசிக்கொண்டே இருந்தால் கண் அழுத்தமும் ஏறலாம். இந்த வகைக் களிம்புகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதித்தது சும்மா இல்லை.

ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பில் நடப்பது நேர்மாறு. பூசிய முதல் சில நாள் எரியும். "ஒத்துக்கொள்ளவில்லை" என்று டியூபைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பொறுத்தவர்களும் இரண்டாம் மாதத்தில் கண்ணாடியைப் பார்த்துச் சலித்து நிறுத்துகிறார்கள். இதற்கு ஆறு மாதமாவது கொடுக்க வேண்டும். நிறம் பெரும்பாலும் மயிர்க்கால்களிலிருந்துதான் திரும்புகிறது. முதலில் எள் தூவியதுபோலப் பழுப்புப் பொட்டுகள், பிறகு அவை பரவி ஒன்றுசேரும். மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து ஒப்பிட்டால்தான் இது பிடிபடும். முகம் சீக்கிரம் தேறும். மயிர்க்கால் இல்லாத விரல் நுனியும் உதடும் லேசில் அசையாது. புள்ளிமேல் உள்ள முடியும் நரைத்திருந்தால் களிம்பை மட்டும் நம்புவது வீண். ஒளி சிகிச்சை பற்றிக் கேளுங்கள்.

2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரக்சோலிடினிப் களிம்புகூட அவசரக்காரர்களுக்கானதல்ல. 24 வாரம் பூசிய பிறகு, முகத்தில் முக்கால் பங்கு முன்னேற்றம் கண்டவர்கள் ஏறத்தாழ 30 சதவீதம்தான்.

நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கார்போகரிசி விதைக்கு வருவோம். அது பொய் மருந்தல்ல, அதுதான் சிக்கலே. அதிலுள்ள சோராலென் வெயில் பட்டால் வேலை செய்யும் பொருள். மருத்துவர்கள் நிமிடக் கணக்கில் அளந்து ஒளி காட்டுவார்கள். வீட்டில் அரைத்துப் பூசி மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்தால் தோல் கொப்பளித்துவிடும். புண்பட்ட இடத்திலேயே புதுப் புள்ளி முளைப்பது வெண்புள்ளியின் குணம். பாவாடை நாடா இறுக்கும் இடுப்பில் கோடாக வெளுப்பதும் இதனால்தான்.

வெளுத்ததெல்லாம் வெண்புள்ளியும் அல்ல. தேமலில் ஸ்டீராய்டு பூசினால் அது பரவும். உணர்ச்சியற்ற வெளிர்த் திட்டு என்றால் தொழுநோய்ப் பரிசோதனைதான் முதலில். மோனோபென்சோன் என்ற பெயர் டியூபில் இருந்தால் தொடவே வேண்டாம். அது உடலெங்கும் பரவியவர்களுக்கு மிச்ச நிறத்தையும் நிரந்தரமாக அகற்றக் கொடுப்பது.

என் சித்திக்கு நெற்றியில், சரியாகப் பொட்டளவில், ஒரு வெள்ளை வட்டம். இரவில் டாக்ரோலிமஸ் பூசுவார். காலையில் அதே இடத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவார். சில பொட்டுகளின் பசையிலுள்ள ரசாயனமே மெலனோசைட்டுகளைக் கொல்லும் என்று நான்காம் மாதம்தான் தோல் மருத்துவர் கேட்டுச் சொன்னார். இப்போது பொட்டுகளெல்லாம் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியபடி இருக்கின்றன. வட்டத்தின் ஓரத்தில் எள்ளளவில் மூன்று பழுப்புப் பொட்டுகள் வந்திருக்கின்றன. தினமும் எண்ணிப் பார்க்கிறார்.